கம்பி கழற்றி ஏழு வாரம்: ஒன்பது நாள் அணியாமல் விட்ட ரிட்டெய்னர் இப்போது இறுகுகிறது

களுவாஞ்சிகுடி அம்மா எழுதிய கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். 17 வயதான என் மகள் உயர்தரம் படிக்கிறாள். அவளுடைய மேல் வேட்டைப்பற்கள் இரண்டும் வரிசைக்கு வெளியே ஏறி நின்றன. கீழ் முன்பற்கள் ஒன்றோடொன்று தோள் இடித்துக்கொண்டு நின்றன. இடம் போதாது என்று நான்கு முன்கடைவாய்ப் பற்களைக் கழற்றிவிட்டு, 2 வருடமும் 4 மாதமும் கம்பி போட்டிருந்தாள். ஏழு வாரங்களுக்கு முன்பு அந்தக் கம்பியைக் கழற்றி, நேராக்கிய பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்க, மேல் வரிசைக்குக் கண்ணாடி போலத் தெளிவான ஒரு ரிட்டெய்னரைத் தந்தார்கள். கீழே ஆறு முன்பற்களின் உட்புறத்தில் மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்றை ஒட்டிவிட்டார்கள். முதல் ஆறு மாதங்களுக்கு, சாப்பிடும் நேரமும் பல் துலக்கும் நேரமும் தவிர எப்போதும் அணிய வேண்டும், பிறகு இரவில் மட்டும் போதும் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது.

மண்டூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குக் கோயில் திருவிழாவுக்காக மகள் போனபோதுதான் பிரச்சினை தொடங்கியது. குருமண்வெளித் துறையில் ஏறி, வாவியைக் கடக்கும் பாதைப் படகு நடு வாவிக்குப் போன பிறகுதான் ரிட்டெய்னர்ப் பெட்டி வீட்டு மேசையிலேயே கிடப்பது அவளுக்கு நினைவு வந்திருக்கிறது. திரும்பி வர மனமில்லாமல், எனக்குச் சொல்லவும் பயந்து, ஒன்பது நாட்களை அப்படியே கழித்துவிட்டாள். வீட்டுக்கு வந்த இரவு அணிந்து பார்த்தபோது அது இறுகியது. இடது பக்கத்தில் நடுப்பல்லுக்கு அடுத்த பல் வலித்தது என்று அழுதாள். ஏசுவதா தேற்றுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

ஒன்பது நாளில் பல் நகருமா, இறுகும் ரிட்டெய்னரை வலியோடு அணிய வைப்பது சரியா என்பதே என் முதற்கேள்வி. இரண்டாவது, இதை எத்தனை வருடம் அணிவது என்பது. என் மச்சாள் பள்ளிக்கூடக் காலத்தில் கம்பி போட்டவர். பதினான்கு வருடம் கழிந்து இன்று அவருடைய கீழ்ப்பற்கள் பழையபடி நெரிந்து நிற்கின்றன. அதைக் காட்டி, நல்ல பல்லைக் கழற்றிச் செய்ததெல்லாம் வீண் என்று மாமி சொல்கிறார். அடுத்த வீட்டு அக்காவோ, ஞானப்பல் முளைத்து முன்பற்களைத் தள்ளும், இப்போதே அதை எடுத்துவிடுங்கள் என்கிறார். இவை போதாதென்று ரிட்டெய்னரில் வெள்ளையாக ஏதோ படிந்து மணக்கிறது. சுடுதண்ணீரில் போட்டு எடுக்கலாமா என்றும் அறிய விரும்புகிறேன். அடுத்த கிளினிக் திகதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

சாந்துக்கை எழுதிய பதில்:

தங்கச்சி, நான் பல் வைத்தியர் அல்ல. அவர்கள் எடுத்தனுப்பும் அச்சுகளில் சாந்து ஊற்றி, ரிட்டெய்னரும் பொய்ப்பல்லும் செய்து 19 வருடங்களாகப் பிழைப்பவன். ஆகவே பொருளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பல்லைப் பற்றிச் சொல்ல உரியவர்கள் பின்னால் வருவார்கள்.

முதலில் சுடுதண்ணீர்: தயவுசெய்து வேண்டாம். வாயில் எடுத்த அச்சில் சாந்தை ஊற்றினால் பற்கள் நின்ற அதே நிலையில் ஒரு மாதிரி கிடைக்கும். ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்பான பிளாஸ்ரிக் தகட்டைச் சூடாக்கி, அது அப்பளம் போலத் தொய்யும் நேரம் பார்த்து, அந்த மாதிரியின்மேல் போர்த்திக் கீழிருந்து காற்றை உறிஞ்சினால், தகடு ஒவ்வொரு பல்லின் இடுக்கிலும் படிந்து குளிர்ந்துவிடும். பிறகு முரசு (ஈறு) ஓரமாகக் கத்தரித்து, விளிம்பை மழுக்கிவிட்டால் வேலை முடிந்தது. சூட்டினால் உருவெடுத்த பொருள் சூட்டினாலேயே உருக்குலையும் என்பது இதிலிருந்தே விளங்கும். கேத்தல் தண்ணீரை ஊற்றிக் கழுவிய ரிட்டெய்னர் ஒன்றை ஒரு தகப்பனார் என்னிடம் கொண்டுவந்து, இதை நிமிர்த்தித் தர முடியுமா என்று கேட்டார். அது வாடிய வெற்றிலை போலச் சுருண்டிருந்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் அதை வைத்துவிட்டுப் போவதும் நல்லதல்ல. சுவரில் கை வைக்க முடியாத வெக்கையில் மெல்லிய பிளாஸ்ரிக் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாயிலிருந்து எடுத்த உடனே, எச்சில் காய்வதற்கு முன், குழாய்த் தண்ணீரில் அலசச் சொல்லுங்கள். காய்ந்த பிறகு தேய்ப்பது இரட்டிப்பு வேலை. இதற்கென்று மெல்லிய தூரிகை ஒன்றைத் தனியாக வைத்து, கை கழுவும் திரவச் சவர்க்காரத்தில் ஒரு துளி விட்டு, உள்ளும் புறமும் தேய்த்தால் போதும். பற்பசை பிளாஸ்ரிக்கைக் கீறும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறல்களில்தான் அழுக்கும் மணமும் குடியேறும். உங்கள் மகளுடையதில் படிந்திருக்கும் வெள்ளை, உமிழ்நீரிலிருந்து வந்த காரையாக இருக்கலாம். சவர்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்றால் அதன் உப்பும் சேரும். வெள்ளை வினாகிரியையும் பச்சைத் தண்ணீரையும் சம அளவாகக் கலந்து, பதினைந்து இருபது நிமிடம் ஊற வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். பொய்ப்பல் கழுவும் மாத்திரை பாமசிகளில் கிடைக்கிறது, அதையும் பாவிக்கலாம். குளோரின் சேர்ந்த வெளுப்புத் திரவம் எதுவும் கிட்ட வரக்கூடாது.

அணியும் விதத்திலும் பலர் பிழை விடுகிறார்கள். முன்பற்களில் பொருத்தி, பிறகு விரல் நுனியால் இரண்டு கடைவாய்களிலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். மேல்தட்டை வாயில் வைத்துவிட்டுக் கீழ்ப்பல்லால் கடித்து இறக்குகிறவர்களின் ரிட்டெய்னர்தான் சீக்கிரம் வெடித்துத் திரும்பி வருகிறது. கழற்றும்போதும் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பாமல், உட்புறமாக இரண்டு கடைவாய்களிலும் நகத்தைக் கொடுத்துக் கழற்ற வேண்டும்.

இப்போது உங்கள் முதற்கேள்விக்கு, என் வேலைக்கு உட்பட்ட அளவில் ஒரு பதில். ரிட்டெய்னர் என்பது பற்கள் அன்றைக்கு நின்ற நிலையின் நகல். பல் மயிரிழை நகர்ந்தாலும் அது இறுகிச் சொல்லிவிடும். மகளை வெளிச்சத்தில் நிறுத்தி, அணிந்த பிறகு ஒவ்வொரு பல்லின் நுனிக்கும் தகட்டுக்கும் இடையில் வெளி தெரிகிறதா என்று பாருங்கள். முழுதாக இறங்கிப் படிந்துவிட்டு இறுக்கம் மட்டும் இருந்தால் ஒரு கதை. ஒரு பல்லின் மேல் தூக்கி நின்று, மறுபக்கம் அழுத்தினால் ஆடுகிறது என்றால் வேறு கதை.

வாவிக்கரைப் பல்வைத்தியர் எழுதிய பதில்:

மேலே எழுதியவர் சொன்ன சோதனை சரியானது. நான் பல்சீரமைப்பு நிபுணர் அல்ல, பொதுப் பல் வைத்தியர். மகளின் வாயைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரிட்டெய்னர் முழுதாக இறங்குகிறது என்றால், சாப்பாட்டு நேரம் தவிர இரவும் பகலும் தொடர்ந்து அணியட்டும். சில நாட்களில் இறுக்கம் தளர்ந்துவிடுவது வழக்கம். முழுதாக இறங்கவில்லை என்றால் பலவந்தப்படுத்த வேண்டாம், இரண்டு மாதம் காத்திருக்கவும் வேண்டாம். கிளினிக்குக்கு அழைத்து, ரிட்டெய்னர் பொருந்தவில்லை என்று அதே சொற்களில் சொல்லுங்கள். அரச வைத்தியசாலையில் கம்பி சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமானதுதான். ஆனால் சிகிச்சை முடித்த பிள்ளையின் பல் திரும்பி ஓடுகிறது என்றால் எந்தக் கிளினிக்கும் அதை வழக்கமான திகதிக்குத் தள்ளிப்போட விரும்பாது.

ஒன்பது நாளில் நகருமா என்றால், கம்பி கழற்றிய முதல் மாதங்களில் நகரும். பல் எலும்பில் ஆணி அடித்ததுபோல நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில், ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் அகலமான இடைவெளியில், எண்ணற்ற நார்கள் பல்லைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. கம்பி பல்லை நகர்த்தும்போது இந்த நார்கள் குலைந்து, எலும்பு ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் வளர்கிறது. கம்பி கழன்ற அன்று பற்கள் சற்று ஆடுவதை மகளே உணர்ந்திருப்பாள். வேரைச் சுற்றிய நார்கள் மறுபடி ஒழுங்காக மூன்று நான்கு மாதங்கள் வேண்டும். முரசில் இருக்கும் நார்களுக்கு நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும். பல்லின் கழுத்தைச் சுற்றி ரப்பர் போல இழுபடும் நார்கள் சில இருக்கின்றன. அவை ஒரு வருடம் கழிந்தும் பல்லைப் பழைய திசைக்கு இழுத்துக்கொண்டிருக்கும். இதனால்தான் திரும்பியிருந்து நேராக்கப்பட்ட பல் எல்லாப் பற்களையும்விட முதலில் திரும்பப் பார்க்கிறது. உங்கள் மகளின் வலிக்கும் அந்தப் பல் முன்பு திரும்பி நின்றதா என்று பழைய படத்தில் பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

ஆறு மாத முழுநேரம் என்ற விதிக்கு இதுதான் காரணம். முதல் நாளிலிருந்தே இரவில் மட்டும் அணிந்தவர்களுக்கும் முழுநேரம் அணிந்தவர்களுக்கும் இடையில் பெரிய வேறுபாடு காணாத ஆய்வுகளும் உண்டு; அதனால் சில வைத்தியர்கள் தொடக்கத்திலேயே இரவு மட்டும் என்கிறார்கள். இதைப் படித்துவிட்டு நீங்களாக விதியை மாற்றிவிடாதீர்கள். பல் கழற்றி மூடிய இடைவெளிகளும் வெளியே நின்ற வேட்டைப்பற்களும் உள்ள ஒரு வாய்க்கு என்ன வேண்டும் என்பது அதைக் கையாண்டவருக்கே தெரியும்.

மாமி சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, மறுபாதி தவறு. மச்சாளின் பல் நெரிந்ததற்குச் சிகிச்சை பிழைத்ததுதான் காரணம் என்று எண்ண வேண்டியதில்லை. கம்பியே போடாத, பிறவியிலேயே அழகான வரிசை வாய்த்தவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெரிகின்றன. பல் வரிசையின் நீளமும், வேட்டைப்பல்லுக்கும் வேட்டைப்பல்லுக்கும் இடைப்பட்ட அகலமும் வாழ்நாள் முழுவதும் மெல்லக் குறுகுவதே அதற்குக் காரணம். அமெரிக்காவின் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில், உங்கள் மகளைப் போலவே முன்கடைவாய்ப் பற்களைக் கழற்றிச் சிகிச்சை பெற்ற 65 பேரை, ரிட்டெய்னர் நிறுத்திப் பத்து வருடங்களுக்குப் பிறகு பார்த்து 1981இல் எழுதினார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் கீழ் முன்பற்கள் திருப்தியாக இல்லை. அந்தக் காலத்தில் ரிட்டெய்னரைச் சில வருடங்களில் நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. உங்கள் மச்சாளுக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். இன்று நாங்கள் சொல்வது வேறு: பல் நேராக நிற்க வேண்டும் என்று விரும்பும் காலம் வரை இரவில் அணிய வேண்டும். சில வருடங்கள் சென்றபின் வாரத்தில் சில இரவுகள் போதுமா என்பதை ரிட்டெய்னரே சொல்லும். இரண்டு இரவு விட்டு அணியும்போது இறுகினால் அந்த வாய்க்கு அந்த இடைவெளி ஆகாது.

ஞானப்பல்லைப் பற்றி அடுத்த வீட்டு அக்கா சொன்னதை நான் வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறேன். ஞானப்பல் முளைக்கும் வயதும் முன்பற்கள் நெரியத் தொடங்கும் வயதும் ஒன்றாக இருப்பதால் வந்த நம்பிக்கை அது. 1998இல் பிரித்தானியாவில் வெளிவந்த ஓர் ஆய்வில், சிகிச்சை முடித்த இளைஞர்களைச் சீட்டுப் போட்டதுபோல இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஞானப்பல்லை எடுத்து, மற்றவர்களுக்கு விட்டுவைத்து, சராசரியாக 66 மாதங்களுக்குப் பின் அளந்து பார்த்தார்கள். முன்பல் நெரிவதைத் தடுப்பதற்கென்று ஞானப்பல்லை எடுப்பதை நியாயப்படுத்த முடியாது என்பதே அவர்களுடைய முடிவு. ஞானப்பல் இல்லாமலே பிறந்தவர்களுக்கும் முன்பற்கள் நெரிகின்றன. சீழ் பிடித்தாலோ, பக்கத்துப் பல்லைச் சூத்தையாக்கினாலோ எடுக்கத்தான் வேண்டும். அது வேறு காரணம்.

கீழே ஒட்டிய கம்பியைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது. ஒட்டிவிட்டது இருக்கிறதே என்று பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். நாக்கின் அடியிலிருந்து உமிழ்நீர் சுரந்து வரும் வாயில்கள் சரியாகக் கீழ் முன்பற்களின் பின்னால் திறக்கின்றன. வாயில் காரை அதிகம் படியும் இடமும் அதுவே. அங்கே கம்பியும் இருந்தால் தூரிகை மட்டும் போதாது. கம்பிக்கு அடியால் நுழையக்கூடிய விறைப்பு நுனியுள்ள பல்லிடை நூலோ, போத்தல் கழுவும் தூரிகையின் குட்டி போன்ற பல்லிடைத் தூரிகையோ தேவை. கொய்யாக்காயையும் அவித்த சோளனையும் முன்பல்லால் கடிக்காமல் வெட்டியும் உதிர்த்தும் சாப்பிடட்டும். பேனை முனையைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட வேண்டும். ஆறு பற்களில் ஒன்றில் பசை விட்டுப்போனாலும் கம்பி மற்ற ஐந்தில் நின்றுகொண்டிருக்கும், வலியும் இராது. அந்த ஒரு பல் மட்டும் மெல்ல நழுவிவிடும். மாதம் ஒரு முறை கைத்தொலைபேசி வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லி, ஆறு பசைப் பொட்டுகளும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள்.

கல்முனைக் காக்கா எழுதிய பதில்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். டொக்டர் கடைசியில் சொன்ன அந்த ஒரு பல் என்னுடைய பல்தான் என்று எழுதலாம் போலிருக்கிறது.

பேராதனையில் படித்த காலத்தில் கம்பி போட்டு, 2013இல் கழற்றினேன். கீழே இதே முறுக்குக் கம்பி, மேலே அண்ணத்தை மூடும் தட்டு. ஊருக்கு வந்த பிறகு மேல்தட்டை முதலில் தவறவிட்டது நோன்பு மாதத்தில். சஹருக்கு எழும்பும்போது தட்டைக் கழற்றிப் பெட்டியில் வைப்பேன். சாப்பிட்டு, சுபஹ் தொழுதுவிட்டுச் சாயும்போது அதைத் திரும்ப அணிய வேண்டும் என்ற எண்ணமே வராது. பெருநாள் முடிந்து அணியப் பார்த்தபோது ஏறவில்லை. ஏறாததை ஒரு சாட்டாக வைத்துக்கொண்டு அலுமாரியில் போட்டுவிட்டேன்.

கீழ்க் கம்பியின் கதை அதைவிட மோசம். ஒரு மாலை கடற்கரையில் வறுத்த கச்சான் கொறித்துக்கொண்டிருந்தபோது, வலது வேட்டைப்பல்லின் பின்னால் நாக்கில் ஏதோ குத்தியது. கச்சான் தோலாக்கும் என்று இரண்டு நாள் துழாவினேன். மூன்றாம் நாள் கண்ணாடியில் பார்த்தால் பசை உடைந்து, கம்பியின் நுனி மேலே நிமிர்ந்து நிற்கிறது. நான் செய்த வேலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: நகவெட்டியை எடுத்து அந்த நுனியை வெட்டி எறிந்துவிட்டு, குத்தல் நின்றுவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். மூன்று மாதத்தில் அந்த வேட்டைப்பல்லுக்கு அடுத்த வெட்டும் பல் பக்கவாட்டில் திரும்பி, வாசல் கதவு பாதி திறந்ததுபோல நின்றது. அதை நேராக்க மறுபடி ஏழு மாதம் கம்பி போட வேண்டி வந்தது. இம்முறை வேலைக்குப் போகும் வயதில், என் சொந்தக் காசில்.

சகோதரி, மகளை ஏசாதீர்கள். மறந்ததைச் சொல்லப் பயந்ததுதான் இங்கே நடந்த பிழை. அன்றைக்கே சொல்லியிருந்தால் அடுத்த பாதைப் படகில் யாரிடமாவது பெட்டியைக் கொடுத்து அனுப்பியிருப்பீர்கள். என்னைக் கேட்கவோ ஏசவோ அப்போது யாரும் இல்லை. அதனால்தான் நகவெட்டி வரைக்கும் போனேன். இன்னொன்று, ரிட்டெய்னரை அணிந்தபடி சீனி போட்ட பிளேன்ரீயும் குளிர்பானமும் குடிப்பதை அனுமதிக்காதீர்கள். தட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் சீனித் தண்ணீர் தேங்கி நிற்கும். உமிழ்நீர் போய் அதைக் கழுவ வழியில்லை. என் மேல்பல் இரண்டில் சூத்தை விழுந்தது அப்படித்தான்.

அக்கரைப்பற்றுத் தங்கை எழுதிய பதில்:

அன்ரி, எனக்கு 20 வயது. கம்பி கழற்றி ஒன்றரை வருடமாகிறது. உங்கள் மகளின் இடத்திலிருந்து இரண்டு விடயங்கள் சொல்கிறேன். முதற்கிழமைகளில் பேசும்போது சகரம் எல்லாம் சீறிக்கொண்டு வரும். வகுப்பில் எழும்பி வாசிக்கச் சொன்னால் சிரிப்பார்களோ என்ற பயத்தில் நான் பாடசாலைக்குப் போகும்போது கழற்றிப் பையில் போட்டேன். வீட்டில் சத்தமாகப் பத்திரிகை வாசித்துப் பழகியதும் நாலைந்து நாளில் அது மறைந்துவிட்டது. மகளும் அப்படி ஒளித்துக் கழற்றுகிறாளா என்று பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, பெட்டி. சாப்பாட்டு நேரத்தில் கடதாசியில் சுற்றி மேசையில் வைத்தால் அது குப்பைக்கூடைக்குத்தான் போகும். என்னுடைய முதல் ரிட்டெய்னர் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்ட இலையோடு போனது. கடும் நிறத்தில், சத்தமாக மூடும் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுங்கள். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். எச்சில் மணத்துக்கு அது எங்கிருந்தாலும் வந்து கடித்துவிடும்.

களுவாஞ்சிகுடி அம்மா, நான்கு நாட்களின் பின்:

உங்கள் எல்லோருக்கும் மிகவும் நன்றி. பழைய படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். டொக்டர் சொன்னது சரி; வலித்த அந்தப் பல் முன்பு நன்றாகத் திரும்பி நின்றதுதான். முதல் நாள் அதன் நுனிக்கும் தகட்டுக்கும் நடுவில் நகத் தடிப்பு அளவு வெளி தெரிந்தது. ஆனால் அழுத்தியபோது ரிட்டெய்னர் ஆடவில்லை. இரவும் பகலும் அணிந்த மூன்றாம் நாள் அந்த வெளி மூடிவிட்டது, வலியும் இல்லை. ஆனாலும் கிளினிக்குக்கு அழைத்துச் சொன்னேன். வருகிற வியாழக்கிழமை கூட்டிவரச் சொல்லிவிட்டார்கள். வினாகிரியில் ஊறவைத்ததும் வெள்ளையும் மணமும் போய்விட்டன.

சாந்துக்கை அண்ணாவிடம் ஒரு கேள்வி. கல்முனைத் தம்பி சொன்ன, அண்ணத்தை மூடும் தட்டு நீண்ட காலம் உழைக்கும் என்று கேள்விப்பட்டேன். கண்ணாடி ரிட்டெய்னருக்குப் பதிலாக அதைக் கேட்கலாமா?

சாந்துக்கை எழுதிய பதில்:

கேட்கலாம், தங்கச்சி, முடிவு வைத்தியருடையது. அதை ஹோலித் தட்டு என்போம். சார்ள்ஸ் ஹோலி என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் நூறு வருடங்களுக்கு முன் வகுத்த வடிவம். இன்றும் பெரிதாக மாறவில்லை. அக்கிரிலிக்கில் வார்த்த தட்டு அண்ணத்தில் படிந்திருக்கும்; 0.7 மில்லிமீற்றர் எவர்சில்வர்க் கம்பி முன்பற்களின் வெளிப்புறமாக வளைந்து ஓடும். கடைவாய்ப் பற்களைக் கொளுவிகள் பிடித்திருக்கும். கம்பி தளர்ந்தால் குறட்டால் இறுக்கலாம், உடைந்த தட்டையும் பெரும்பாலும் ஒட்டித் திருத்தலாம். கண்ணாடி ரிட்டெய்னர் வெடித்தால் திருத்த வழியில்லை, புதிதுதான் செய்ய வேண்டும். உறக்கத்தில் பல் நெருமுகிறவர்களுக்கு அது சீக்கிரம் ஓட்டை விழும். ஆனால் ஹோலித் தட்டின் கம்பி சிரிக்கும்போது தெரியும், பேச்சும் கூடுதலாகக் குழறும். 17 வயதுப் பிள்ளை எதை மறக்காமல் அணியும் என்பதையும் பார்க்க வேண்டும். அலுமாரியில் கிடக்கும் தட்டு எவ்வளவு காலம் உழைத்தும் பயனில்லை.

வேறு ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். வியாழக்கிழமை போகும்போது, பற்கள் சரியான இடத்தில் நிற்கின்றன என்று வைத்தியர் சொன்னால், இரண்டாவது ரிட்டெய்னர் ஒன்றுக்கு அன்றே அச்சு எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ரிட்டெய்னர் தொலைந்த பிறகு அச்சு எடுக்க வருபவர்களில் பலருடைய பல் அதற்குள் நகர்ந்திருக்கும். நகர்ந்த பல்லுக்குச் செய்த ரிட்டெய்னர் அதை நகர்ந்த இடத்திலேயே பிடித்து வைத்திருக்கும். சாந்து மாதிரியைத் தந்தார்கள் என்றால் வாங்கி, பஞ்சில் சுற்றி, ஒரு பிஸ்கட் ரின்னில் ஈரம் படாமல் வையுங்கள். அது இருந்தால் மகள் எந்த ஊரில் இருந்தாலும் வாயில் அச்சு எடுக்காமலே இன்னொன்று செய்துவிடலாம்.

களுவாஞ்சிகுடி அம்மா, வியாழக்கிழமை இரவு:

இன்று போய் வந்தோம். மேல்வரிசை பழைய இடத்துக்கு வந்துவிட்டது, ரிட்டெய்னர் சரியாகப் பொருந்துகிறது என்றார் வைத்தியர். முதல் ஆறு மாதம் முழுநேரம் என்பதில் மாற்றமில்லை.

ஆனால் போனது மேல்பல்லுக்கு, அகப்பட்டது கீழ்ப்பல்லில். நேற்றிரவு, வாவிக்கரை டொக்டர் சொன்னபடி தொலைபேசி வெளிச்சத்தில் நானும் மகளும் பசைப் பொட்டுகளை எண்ணினோம். எனக்கு ஆறு தெரிந்தது. இன்று வைத்தியர் மெல்லிய கொக்கி போன்ற ஒரு கருவியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தபோது, இடது வேட்டைப்பல்லில் பொட்டு இருக்கிறது, ஆனால் பல்லை விட்டுக் கழன்று கம்பியோடு சேர்ந்து ஆடுகிறது. பல் இன்னும் நகரவில்லை. பழைய பசையை உரசி எடுத்து, காயவைத்து, புதிதாக ஒட்டி, நீல வெளிச்சம் பிடித்து, பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். ஆகவே எண்ணுகிறவர்கள் எண்ணுவதோடு நிற்காமல், விரல் நுனியால் கம்பியை மெல்ல அழுத்திப் பொட்டு அசைகிறதா என்றும் பாருங்கள். எதைக் கடித்தாய் என்று கேட்டேன். மண்டூரில் பெரியம்மா அவித்துக் கொடுத்த சோளனாம்.

இரண்டாவது ரிட்டெய்னருக்கு அச்சு எடுத்தாயிற்று. மாதிரியையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இரண்டாவது ரிட்டெய்னர் அக்கா வீட்டிலேயே இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறேன். மாமிக்கு மச்சாளின் பல்லைப் பற்றி டொக்டர் எழுதியதை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, தன் கீழ்ப்பற்களை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டு பேசாமல் போய்விட்டார்.